வாசகர் கேள்வி: பரிசுத்தமான ஆண்டவரிடம் போவதா, அன்பான ஆண்டவரிடம் போவதா?

மலேசியாவின் பேராக்கில், தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்து ஊரிலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் அவர் எழுதியதுதான்.

அவருக்கு வயது 44. செம்பனைப் பழம் வாங்கும் ஒரு தனியார் நிலையத்தில் எடை எழுதுகிறார். அங்கே எல்லாரும் அதை ரேம்ப் என்பார்கள். பழத்தோடு வண்டி ஏறி நிற்கும்போது ஓர் எடை, கொட்டிவிட்டு வெறும் வண்டியாக நிற்கும்போது ஓர் எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழத்தின் எடை. அதில் பழுக்காத குலை, நீளக் காம்பு, மண் என்று கழிவு போட்டு சிலிப் அடித்துக் கொடுக்க வேண்டும். ஆறு வருஷமாகச் செய்கிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளி கூப்பிட்டு, சின்ன ஆட்கள் கொண்டுவரும் ஒவ்வொரு நடைக்கும் 40 கிலோ குறைத்து எழுது என்றார். பெரிய லாரிக்காரர்களிடம் இது கிடையாது. ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் வைத்திருக்கும் வயதானவர்களிடம் மட்டும். அதற்காக மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) தனியாகக் கையில் கொடுக்கிறார்.

அப்படி எழுத ஆரம்பித்த இரண்டாவது மாதம், தோட்டத்தில் குலை வெட்டுகிற கணவருக்கு இடுப்பில் அடிபட்டது. இப்போது வீட்டில்தான் இருக்கிறார். சகோதரியின் சம்பளம் 1,700 வெள்ளி, அதில்தான் குடும்பம் ஓடுகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். ஞாயிறு பள்ளியில் பாடமும் எடுக்கிறார்.

இனி அவர் வார்த்தையிலேயே: "எங்கள் சபையில் பின்வரிசையில் உட்காருகிற ஒரு தாத்தா இருக்கிறார். ரப்பர் பால் வெட்டின காலத்துச் சேமநிதிக் காசில் ரெண்டு ஏக்கர் வாங்கினவர். நான் கொடுக்கும் சிலிப்பைப் படிக்கக்கூட மாட்டார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 'வரேன் டீச்சர்' என்று போவார். ஒரு நாள் மூப்பர் ஒருவர், பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லை என்று பிரசங்கித்தார். அன்றிலிருந்து நான் திருவிருந்து எடுப்பதில்லை. திருவிருந்து ஞாயிறு வந்தால் பின்னாலே தேத்தண்ணி கலக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னால், 'ஆண்டவர் அன்பானவர், நம்ம கஷ்டம் அவருக்குத் தெரியும், புரிஞ்சுக்குவார்' என்கிறார். நான் யாரிடம் போவது பாஸ்டர், பரிசுத்தமான ஆண்டவரிடமா, அன்பான ஆண்டவரிடமா? மாதா மாதம் அந்தக் காசில் 50 வெள்ளியைக் காணிக்கைப் பெட்டியில் போடுகிறேன். டிவியை நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா தீபாவளிக்குக் கொடுத்த முறுக்கையும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அப்படியும் மனசுக்குச் சமாதானமில்லை."

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனசு செத்துப்போகவில்லை. செத்த மனசு தேத்தண்ணி கலக்கும் சாக்கில் ஒளிந்துகொள்ளாது, தைரியமாக முன்வரிசையில் வந்து உட்காரும். இந்த இரண்டு வருஷமாக உங்களைக் குடைந்துகொண்டே இருக்கிற அந்த வலியை ஆண்டவர் உங்களைத் தள்ளிவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் உங்களை விடாமல் பிடித்திருப்பதால்தான் வலிக்கிறது.

இரண்டு ஆண்டவர் இல்லை

மூப்பர் பேசியது ஒரு ஆண்டவரைப் பற்றி, வீட்டுக்காரர் பேசுவது இன்னொரு ஆண்டவரைப் பற்றி, நாம் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறோம் என்று நினைக்கிறீர்கள். நம் சபைகளில் நிறையப் பேர் மனசுக்குள் இப்படித்தான் ஓடுகிறது: பிதா பரிசுத்தர், கோபக்காரர், இயேசு அன்பானவர், நடுவில் புகுந்து தடுக்கிறவர். வேதம் அப்படிப் பேசவில்லை. குமாரனை அனுப்பும் அளவுக்கு உலகத்தில் அன்புகூர்ந்தது பிதாதான், யோவான் 3:16 அதைத்தான் சொல்கிறது. ஆலயத்தில் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்த்தது அந்த அன்பான இயேசுதான்.

ஓசியா 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். பிள்ளைக்கு நடக்கக் கற்றுக்கொடுத்த தகப்பன் மாதிரி ஆண்டவர் பேசுகிறார். பிள்ளை வழிதப்பிப் போய்விட்டது, தண்டனைக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அப்புறம் ஒன்பதாம் வசனத்தில், என் உக்கிர கோபத்தின்படி செய்யமாட்டேன் என்கிறார். காரணமும் சொல்கிறார்: நான் மனுஷனல்ல, தேவன், உன் நடுவிலுள்ள பரிசுத்தர். கவனித்தீர்களா? நாமாக இருந்தால் 'நான் பரிசுத்தன், அதனால் உன்னை அழிப்பேன்' என்று எழுதியிருப்போம். அவர், நான் பரிசுத்தர், அதனால் உன்னை அழிக்கமாட்டேன் என்கிறார். மனுஷன் அன்பு ஒரு கட்டத்தில் சலித்துவிடும், பழிவாங்கும், கணக்குப் பார்க்கும். அவருடைய அன்பு அப்படிக் கெட்டுப்போகாதது. கெட்டுப்போகாத அந்த அன்பும் அவருடைய பரிசுத்தமும் ஒரே நெருப்புதான், எனக்கு அதை வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

அதே காரணத்தால்தான் அவர் அந்தத் தாத்தாவின் 40 கிலோவையும் விடமாட்டார். உங்களை நேசிக்கிற அதே அன்போடு அவரையும் நேசிக்கிறார். உங்கள் கஷ்டம் ஆண்டவருக்குத் தெரியும் என்று வீட்டுக்காரர் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பெரியவரின் கஷ்டமும் அவருக்குத் தெரியும். டன் 800 வெள்ளி விற்றால் 40 கிலோவுக்கு 32 வெள்ளி. மாதம் இரண்டு நடை வந்தால் 64. ரெண்டு ஏக்கரில் உரம், வெட்டுக்கூலி, வண்டிக்கூலி போக மிஞ்சுகிறதில் 64 வெள்ளி பெரிய காசு. நம்மைப் புரிந்துகொண்டு அவரைக் கண்டுகொள்ளாமல் விடுகிற ஒரு ஆண்டவரை நாம் அன்பானவர் என்று சொல்ல முடியுமா?

இதை உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் வெயிலேற பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நிறுவைக்கு நிற்பார்கள். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், புத்தகத்தில் எழுதினதுதான் எடை. எழுத்துத் தெரியாத ஜனம் என்ன கேட்க முடியும்? அந்த வயிற்றெரிச்சலைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நாம். அந்தப் பெரியவர் இன்றைக்கு சிலிப்பைப் படிக்காமல் மடிப்பது எழுத்துத் தெரியாததால் இல்லை, எழுதுவது டீச்சர் என்பதால்.

திருவிருந்தை விட்டு ஒதுங்கினது

அபாத்திரமாய் எடுத்தால் ஆக்கினை என்று 1 கொரிந்தியர் 11 உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. அந்த அதிகாரத்தை 17ஆம் வசனத்திலிருந்து படித்தால், பவுல் எதற்காகக் கோபப்படுகிறார் என்று தெரியும். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு, குடித்து வெறித்தும் போகிறார்கள்; இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே பந்தியில் கூட இருக்கிற சகோதரனை வெட்கப்படுத்திவிட்டு கர்த்தருடைய பந்தி என்று சொல்கிறீர்களே என்பதுதான் அவர் கேள்வி.

அப்படிப் பார்த்தால் உங்கள் பயத்தில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. பின்வரிசைத் தாத்தாவும் நீங்களும் ஒரே பந்திக்காரர்கள். அவருடைய எடையைக் குறைத்து எழுதிக்கொண்டே அவரோடு ஒரே அப்பத்தில் பங்கெடுப்பது சாதாரண விஷயமில்லை, நீங்கள் அதை உணர்ந்தது சரிதான். ஆனால் அதற்குப் பவுல் சொல்லும் மருந்து என்ன? மனுஷன் தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்கிறார். சோதித்துப் பார், தப்பு இருந்தால் சமையலறைக்குப் போய்விடு என்று சொல்லவில்லை. சோதித்துப் பார், சரிசெய், வா. நீங்கள் முதல் வேலையை இரண்டு வருஷமாகச் செய்துகொண்டே இருக்கிறீர்கள், நடு வேலையைத் தொடவில்லை, அதனால் மூன்றாவதுக்கு வர முடியவில்லை.

"முதலில் சுத்தமாகணும், அப்புறம்தான் கிட்டப் போகணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏசாயா 6 நினைவிருக்கும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்களே எடுத்திருப்பீர்கள். உசியா ராஜா மரணமடைந்த வருஷம். பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர் என்ற சத்தத்தைக் கேட்டு ஏசாயா, ஐயோ, அதமானேன், அசுத்த உதடுள்ளவன் என்று கதறுகிறார். அவர் போய்க் குளித்துவிட்டு வரவில்லை. பலிபீடத்திலிருந்து நெருப்புத்தழல் அவரைத் தேடி வந்தது, எந்த உதடு அசுத்தம் என்று சொன்னாரோ அந்த உதட்டிலேயே தொட்டது. குஷ்டரோகியை இயேசு தொட்டதும் அப்படித்தான். தொட்டால் தீட்டு ஒட்டும் என்று ஊரே விலகி நின்றபோது, சுத்தம்தான் அவரிடமிருந்து அந்த மனுஷனுக்குப் போனது.

ஆனால் தழல் சுடும் என்பதையும் மறைக்க வேண்டாம். உங்களுக்குத் தொடப்போகிற இடம், எடை எழுதுகிற கை.

மூப்பர் சொன்ன வசனம் எபிரெயர் 12:14. அதன் முன்பாதி, யாவரோடும் சமாதானமாயிருக்க நாடுங்கள் என்று இருக்கிறது. பிரசங்கத்தில் பின்பாதி மட்டும் உங்கள் காதில் நின்றுவிட்டது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிவியும் முறுக்கும்

இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கை வைக்க முடியாத ஓரிடம் வாழ்க்கையில் இருக்கும்போது, கை வைக்க முடிகிற இடங்களிலெல்லாம் ரொம்பக் கண்டிப்பாகிவிடுவது மனுஷ இயல்பு. டிவியை நிறுத்தினீர்கள், பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டீர்கள், பக்கத்து வீட்டு அக்காவின் தட்டைத் திருப்பி அனுப்பினீர்கள். கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ராத்திரி படுக்கவைத்தவர் அந்த அக்காதான் என்று அதே கடிதத்தில், வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

பரிசுத்தராயிருங்கள் என்று ஆண்டவர் கட்டளையிடுகிற லேவியராகமம் 19ஐ முழுசாக வாசித்துப் பாருங்கள். நாம் எதிர்பார்க்கிற பட்டியல் அங்கே இருக்காது. விளைச்சலில் ஓரத்தை ஏழைக்கு விடு, கூலிக்காரன் கூலியை விடியுமட்டும் வைத்திராதே, செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கல் வைக்காதே, உன்மேல் நீ அன்புகூருவதுபோல் பிறன்மேல் அன்புகூரு, உன் தேசத்தில் தங்குகிற அந்நியனையும் அப்படியே நேசி, கடைசியில் தராசு, நிறைகல், படி எல்லாம் சரியாக இருக்கட்டும். பிறனிடத்தில் அன்பு என்ற கட்டளை இந்தப் பரிசுத்தத்தின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது, இயேசு எடுத்துப் பேசினதும் இங்கிருந்துதான். எண்ணெய்ச் சட்டிக்கும் முறுக்குக்கும் அந்த அதிகாரத்தில் வேலையில்லை, தராசுக்கு இருக்கிறது.

சாமிக்குப் படைத்த உணவு விஷயத்தில் உங்கள் மனசாட்சி உறுத்தினால் அதை நான் உடைக்கச் சொல்லமாட்டேன். பவுலே மனசாட்சிக்கு இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் வீட்டில் பிழிந்து பொரித்த முறுக்கு வேறு விஷயம். அந்த அக்கா வீட்டுக்கு ஒரு நாள் சாயங்காலம் போங்கள். பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம். "அன்றைக்கு அப்படி அனுப்பினது தப்பு அக்கா" என்று சொன்னால் போதும், அப்புறம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். டிவியைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசி முடிவெடுங்கள், அதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை.

கணவருக்கு அடிபட்டது

நான் எடையைக் குறைத்தேன், அவர் இடுப்பை ஆண்டவர் உடைத்தார் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொன்னார். அப்படி ஆண்டவர் கணக்குத் தீர்க்கிறவராக இருந்தால், தப்புச் செய்யச் சொன்ன முதலாளியை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத உங்கள் கணவரிடம் ஏன் போகிறார்? முப்பது நாற்பது அடி மரத்தில் குலை வெட்டுவது ஆபத்தான வேலை, அதில் அடிபடுகிறவர்கள் நிறைய.

வேலை நேரத்தில் அடிபட்டதென்றால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலையிடக் காயத்துக்கான கோரிக்கை போட்டாச்சா என்று நீங்கள் எழுதவில்லை. தண்டனை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். மருத்துவர் வேலைக்குப் போகக்கூடாது என்று ஓய்வு கொடுத்த நாட்களுக்கு, தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கணக்கிட்டுத் தருகிற திட்டம் அது. காயம் நிரந்தரமாகிவிட்டால் அதற்கும் தனி உதவி உண்டு. மருத்துவச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்து சொக்சோ அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள். உங்கள் வீட்டில் இரண்டாவது வருமானம் வந்தால், முதலாளி முன்னால் நிற்கும்போது உங்கள் கால் கொஞ்சம் உறுதியாக நிற்கும்.

வேலை: உரிமையும் ஆபத்தும்

இனி எழுதமாட்டேன் என்று நீங்கள் சொல்லத்தான் வேண்டும், அதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஆனால் நாளைக் காலையே போய்ச் சொல்லாதீர்கள். நான் வழக்கறிஞன் இல்லை, எனக்குத் தெரிந்த அளவுக்கு வரிசையாகச் சொல்கிறேன், முடிவெடுக்குமுன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பணம் இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும் இருக்கிறது. வழக்கறிஞரிடம் நீங்கள் ஆலோசனைக்காகச் சொல்வதை உங்கள் சம்மதமில்லாமல் அவர் வெளியே சொல்லக்கூடாது, 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அதற்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், சிலிப் அடித்தது உங்கள் கை. முதலாளி சொன்னார் என்பது உண்மையாக இருந்தாலும் சட்டத்தின் முன் அது உங்களை முழுசாக விடுவிக்காமல் போகலாம்.

எடைக் குறைப்பு 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குள் வருகிற விஷயம், உள்நாட்டு வாணிப அமைச்சு அதைப் பார்க்கிறது. பழம் வாங்குகிற நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பது மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம். குலைகளைத் தரம் பிரிப்பதற்கும் அந்த வாரியம் வழிகாட்டி வைத்திருக்கிறது. நிஜமாகவே பழுக்காத குலைக்குக் கழிவு போடுவது தப்பில்லை, பார்க்காமலேயே போடுவதும் எடையையே மாற்றுவதும்தான் தப்பு. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நியாயமாகப் போட்ட கழிவுக்கெல்லாம் உங்களை நீங்களே குற்றவாளியாக்கிக்கொள்வீர்கள்.

புகார் கொடுப்பதா? தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது. அமலாக்க அதிகாரிகளிடம் கொடுக்கிற தகவலுக்குத்தான் அது. ஃபேஸ்புக்கில் போட்டால் அந்தப் பாதுகாப்பு வராது. அந்தச் செயலில் நாமும் பங்கெடுத்திருந்தால் பாதுகாப்பு சிக்கலாகவும் ஆகலாம். அதனால் இதை வழக்கறிஞரிடம் பேசாமல் செய்ய வேண்டாம். புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்று நான் உங்கள்மேல் சுமத்தமாட்டேன். ஆனால் மற்ற சின்ன விவசாயிகளும் ஏமாறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு, என் கை சுத்தமானால் போதும் என்று நின்றுவிடவும் சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் கழித்தாவது அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலாளியிடம் பேசும்போது குற்றம் சாட்டிப் பேச வேண்டாம். "இனிமேல் தராசு காட்டுகிற எடையைத்தான் எழுதுவேன், அந்த 150 வெள்ளியும் வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். தேதி, நேரம், அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்ததும் ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். அவர் ஒத்துக்கொள்ளலாம், மனுஷர் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். வேலையை விட்டு அனுப்பவும் செய்யலாம். அப்படி அனுப்பினால், காரணமில்லாத பணிநீக்கம் என்று தொழில் உறவுத் துறையில் முறையிட 60 நாள் அவகாசம், அதைத் தாண்டினால் வழி அடைபட்டுவிடும். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால், 8 வார முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடு என்று வற்புறுத்தினால், படித்துப் பார்க்கிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அங்கேயே போடாதீர்கள்.

வேலை போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. இப்போதிருந்தே வேறு வேலை தேடுங்கள், எடை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஆலைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் தேவை இருக்கிறது. உங்கள் போதகரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். பரிசுத்தத்தைப் பிரசங்கிக்கிற சபை, பரிசுத்தத்துக்காக வேலையை இழக்கிற ஒரு குடும்பத்துக்கு இரண்டு மாதத்து மளிகையைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த மூப்பரும் இதைப் படிக்கிறார் என்றால் அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காசைத் திருப்பிக் கொடுப்பது

காணிக்கைப் பெட்டியில் 50 வெள்ளி போடுவதை நிறுத்திவிடுங்கள். அந்தக் காசு ஆண்டவருடையதாக ஆகுமுன் அந்தப் பெரியவர்களுடையது. லேவியராகமம் 6இல் பிறனை ஏமாற்றினவன் என்ன செய்யவேண்டும் என்று இருக்கிறது: முதலில் முழுசையும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும், பலி அதற்கு அப்புறம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்று இயேசு சொன்னதும் அதே வரிசைதான்.

முதலாளி கைக்குப் போனதையெல்லாம் நீங்கள் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டாம், உங்களால் முடியவும் முடியாது. மாதம் 150 என்று இரண்டு வருஷத்தில் உங்கள் கைக்கு வந்தது 3,600 வெள்ளி. அதுதான் உங்கள் பங்கு. யார் யார் எத்தனை நடை கொண்டுவந்தார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும், நினைவில் இருக்கிற வரை எழுதுங்கள். ஒரேயடியாகக் கொடுக்க வழியில்லை, பரவாயில்லை, மாதம் 50 என்றாலும் ஆரம்பியுங்கள், அந்தத் தாத்தாவிடமிருந்தே ஆரம்பியுங்கள்.

பேர் போடாமல் கவரில் வைத்து வாசல் கதவுக்கடியில் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அது ஒருவேளை சரியாக இருக்கலாம், வழக்கறிஞரும் அப்படிச் சொல்லக்கூடும். இந்தப் பெரியவர் விஷயத்தில், வழக்கறிஞர் கூடாது என்று சொன்னால் தவிர, நேரில் போங்கள் என்பேன். அவர் இழந்தது காசு மட்டுமில்லை, டீச்சர்மேல் வைத்த நம்பிக்கையும் அவருக்குத் தெரியாமலே போய்க்கொண்டிருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், போதகரையோ அவர் மனைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கோபப்படலாம். ஊருக்குள் சொல்லலாம், நாலு பேர் பேசலாம், ஞாயிறு பள்ளி வகுப்பைக் கொஞ்ச நாள் விட வேண்டியும் வரலாம். அவர் மன்னிக்கவே இல்லையென்றாலும் நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். மன்னிப்பு அவருடையது, அவசரப்படுத்த நமக்கு உரிமையில்லை.

சகேயு கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வரிசைதான். அவன் வரி வசூலில் ஏமாற்றிச் சேர்த்தவன், ஊரே முறுமுறுத்தது. இயேசு மரத்தடியில் நின்று, முதலில் திருப்பிக் கொடு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லவில்லை. இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்றார். நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று சகேயு எழுந்து நின்று சொன்னது அதற்கு அப்புறம்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. பரிசுத்தர் வீட்டுக்குள் வந்துவிட்டார், தப்பான காசு அந்த வீட்டில் இருக்க முடியாமல் தானாக வெளியே போனது.

அதனால் அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு, எல்லாம் தீரும்வரை காத்திருக்காதீர்கள். வழக்கறிஞரைப் பார்த்து, போதகரிடம் சொல்லி, இனி எழுதமாட்டேன் என்று தீர்மானித்து, முதல் 50 வெள்ளியை எடுத்து வைத்தாச்சு என்றால் நீங்கள் வரலாம். மிச்சம் 3,550 இருக்கட்டும், அது மாதா மாதம் போகட்டும். தேத்தண்ணி கலக்க வேறு ஆளை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, வேலைக்குப் போக முடியாத ஒரு மனுஷன் வீட்டுச் செலவை நினைத்துப் பயந்து அப்படிச் சொல்கிறார். ஆனால் இதை நீங்கள் ஒருவராகச் சுமக்க முடியாது, அவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். சொக்சோவுக்குப் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள், வழியில் பேச நேரம் கிடைக்கும். முதலாளி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவர் வேலையை விட்டு அனுப்பிவிட்டால் கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள், முதலில் அந்த 60 நாளை எண்ண ஆரம்பித்துவிட்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.